தார்ப்பாய்க் கயிறு

"அவனை வெளியே அனுப்புங்க மேடம். இல்லேன்னா நான் போறேன்."

ஜெசிந்தா சைக்கிள் டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை.

"யாரை சார்?"

"யாரைன்னு கேக்கறீங்களே! லோகநாதனை. அந்தத் திருட்டுப் பயலை."

கத்தியவர் பொன்னுரங்கம். சேலம் நீதிமன்றத்தில் வக்கீல். ஐம்பதை நெருங்குகிறவர்.

ஜெசிந்தா அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். ஒரு பெண்கள் கல்லூரியில் உடற்கல்வி ஆசிரியை. ஒரு காலத்தில் மாநிலத்துக்காக சைக்கிள் பந்தயங்களில் கலந்துகொண்டவர். இப்போது விடியற்காலைகளில், சைக்கிளில் மலையேற ஆசைப்படும் சிலருக்குப் பயிற்சி கொடுக்கிறார். பொன்னுரங்கமும் லோகநாதனும் அவர்களில் இருவர். அதிகம் பேசமாட்டார்.

வக்கீல் முதன்முதலாக அவரிடம் வந்தபோது, நீதிமன்றப் படிகளிலேயே இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குகிறவராக இருந்தார்.

"எவ்வளவு நாள்ல மலை ஏறலாம் மேடம்?" என்று கேட்டார்.

ஜெசிந்தா அவருடைய சைக்கிளில் வேகம் காட்டும் கருவியைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டார். அதுதான் பதில்.

அந்தக் கருவியை வக்கீல் திரும்பக் கேட்கவே இல்லை. மூன்று வருடமாக ஜெசிந்தா சொன்னபடி மிதித்தார். இட்லியைக் குறைக்கச் சொன்னால் குறைத்தார். தூங்கச் சொன்னால் தூங்கினார்.

இன்றுதான் முதல் தடவையாக அவர் முன்னால் குரலை உயர்த்தியிருக்கிறார்.

"என்ன செஞ்சான்?" என்றார் ஜெசிந்தா.

வக்கீல் சொன்னார்.

*

அந்த ஊர் சைக்கிள் சங்கம் வருடத்துக்கு ஒருமுறை மூன்று மலை ஓட்டம் நடத்துகிறது.

விடிவதற்கு முன்பே கிளம்பி ஏற்காடு ஏறி இறங்க வேண்டும். அப்புறம் பச்சைமலை. கடைசியாக, காலில் ஒன்றும் மிச்சமில்லாத நேரத்தில், கொல்லிமலை. மலை உச்சியில் சோளக்காட்டில் சங்கத்தார் பந்தல் போட்டிருப்பார்கள். பொழுது சாய்வதற்குள், குறித்த நேரத்தில், அந்தப் பந்தலைத் தொட வேண்டும்.

தொட்டவர்களுக்குப் பதக்கம். அடுத்த வருடம் இமயமலையில் நடக்கும் பெரிய ஓட்டத்துக்கு அவர்கள் மட்டும்தான் பெயர் கொடுக்க முடியும்.

யாரையும் முந்த வேண்டியதில்லை. சொந்தக் காலால் போனால் போதும். விதி என்றால் அது ஒன்றுதான்.

"போன மாச ஓட்டத்துல, பச்சைமலை இறங்கி துறையூர் வந்தப்ப எங்கூடத்தான் இருந்தான் மேடம். பசிக்குதுன்னான். என் கடலை மிட்டாயில பாதியைப் பிட்டுக் கொடுத்தேன். என் கையால கொடுத்தேன்!"

"ம்."

"காரவள்ளியில மலை ஏற ஆரம்பிச்சோம். பின்தங்கிட்டான். சரி, சின்னப் பையன், வந்துருவான்னு நான் பாட்டுக்கு மிதிக்கறேன். எழுபது கொண்டை ஊசி வளைவு. பாதிக்கு மேல ஏறியாச்சு. சிமெண்ட் மூட்டை ஏத்திக்கிட்டு ஒரு சின்ன லாரி என்னைத் தாண்டிப் போகுது. தார்ப்பாய்க் கயிறு பின்னாடி தொங்குது. அந்தக் கயித்தைப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தன் சைக்கிள்ல உக்காந்து போறான். காலை ஆட்டக்கூட இல்ல. யாருன்னு பாத்தா..."

வக்கீல் கயிற்றைப் பிடிப்பதுபோலக் கையை நீட்டிக் காட்டினார்.

"என்னைப் பாத்தான் மேடம். பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டான்."

ஜெசிந்தா டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் காற்று அடித்தார்.

"நான் மேல போய்ச் சேர்றப்ப பந்தலைப் பிரிச்சுக்கிட்டு இருக்காங்க. நேரம் முடிஞ்சு போச்சாம். சில நிமிஷம். வெறும் சில நிமிஷம் மேடம்! ஒரு வருஷம் உழைச்சிருக்கேன். அவன் கழுத்துல பதக்கத்தைத் தொங்க விட்டுக்கிட்டு டீ குடிக்கறான்."

"படம் எடுத்தீங்களா?"

"எடுத்தேன். வெறும் புகைதான் விழுந்திருக்கு. ஆனா நான் விடல. சிக்னல் கிடைச்ச முதல் வளைவுலயே செயலாளருக்குப் போன் போட்டுப் புகார் சொல்லிட்டேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"அப்ப, பாக்கறேன்னார். அப்புறம் மூணு தடவை நேர்ல போனேன். என்ன சொல்றார் தெரியுமா? 'அவன் யாரை சார் ஏமாத்தினான்? தன்னைத்தானே ஏமாத்திக்கிட்டான். விடுங்க'ங்கறார்."

வக்கீல் கையைத் தூக்கினார். எதிரே நீதிபதி இருப்பதுபோல.

"தன்னைத்தானே ஏமாத்திக்கிட்டானாம்! நாளைக்கு நான் கோர்ட்ல எழுந்து, 'ஐயா, எங்கட்சிக்காரர் சங்கிலியை அறுத்தது உண்மை, ஆனா அவர் தன்னைத்தானே திருடிக்கிட்டார், விட்டுருங்க'ன்னா விட்டுருவாங்களா? எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. நண்பர்கள் சொல்றாங்க. டாக்டர் சொல்றார். அவனுக்கு ஒரு குறையும் இல்ல. மெடல் இருக்கு. இமயமலைக்குப் பேரு கொடுத்தாச்சு. ஏமாந்தது நான். நியாயம் கேட்டா எனக்கே புத்தி சொல்றாங்க!"

அவர் பொய் சொல்லவில்லை. கோபமும் பொய்யில்லை.

"இப்ப நீங்களும் அதையே சொல்லப்போறீங்களா?"

"இல்ல" என்றார் ஜெசிந்தா.

"அப்ப அவனை வெளியே அனுப்புங்க."

ஜெசிந்தா பம்பின் மூக்கைக் கழற்றினார். டயர் உஸ்ஸென்றது.

"ஞாயித்துக்கிழமை காரவள்ளிக்கு வாங்க சார்."

"அவன் வருவானா?"

"வருவான்."

"அப்ப நான் வரமாட்டேன்."

"சரி."

ஜெசிந்தா அடுத்த டயருக்கு நகர்ந்தார்.

*

அந்த வாரம் வக்கீல் சைக்கிளைத் தொடவில்லை.

நீதிமன்ற கேன்டீனில் லாரிக் கதையை இன்னொரு தடவை சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு, வழக்கு இருக்கிறது என்று எழுந்து போனார்கள்.

வீட்டில் சாப்பிடும்போது சொன்னார்.

"எத்தனையோ கேஸ் தோத்திருக்கீங்க" என்றாள் அவர் மனைவி செல்வராணி. "ஒண்ணுக்கும் இப்படிப் புலம்பினதில்லையே."

"அதெல்லாம் மத்தவங்க கேஸ்."

செல்வராணி குழம்பு ஊற்றினாள்.

"அந்தப் பையன் ஏன் அப்படிச் செஞ்சானாம்?"

"ஏன் செஞ்சா என்ன? செஞ்சான்ல?"

தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டார். ரசத்துக்குச் சோறு அப்படியே இருந்தது.

படுத்தால் கயிறு தெரிந்தது. அதைப் பிடித்திருந்த கை தெரிந்தது. அவனிடம் நேருக்கு நேர் என்ன கேட்க வேண்டும் என்று மனதுக்குள் வாக்கியங்களை அடுக்கினார். வழக்குக்குத் தயாராவதுபோலத் தயாரானார். உனக்கு வெட்கமா இல்லையா என்று ஆரம்பிக்க வேண்டும். அங்கிருந்து கடலை மிட்டாய்க்கு வர வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை காரை எடுத்து, பின்னால் சைக்கிளை மாட்டிக்கொண்டு காரவள்ளிக்குக் கிளம்பினார்.

கேட்டுவிட்டு வந்துவிடலாம் என்றுதான்.

*

மலையடிவாரத்தில் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஒன்று நின்றது. ஜெசிந்தாவின் கணவர் அமல்ராஜ் அதன் முன்சக்கரத்தில் ஒரு காலை வைத்துக்கொண்டு பல் குத்திக்கொண்டிருந்தார். அவருக்கு அன்னாசி வியாபாரம். மேலே போய்ச் சரக்கு ஏற்றிவர வேண்டும். வண்டி காலியாக இருந்தது.

"வாங்க சார்" என்றார் அவர். வியப்பே இல்லாமல்.

ஜெசிந்தா வண்டியின் பின்பலகையில் ஒரு கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"லோகநாதன் எங்க?"

"அப்பவே கிளம்பிட்டான். மேல ஏறிக்கிட்டு இருப்பான்."

"அவன் வரட்டும். நான் நேருக்கு நேர் கேக்கணும்."

"கேளுங்க. முதல்ல இதைப் பிடிங்க."

கயிற்றின் நுனியை அவரிடம் நீட்டினார்.

வக்கீலுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் காது சிவந்தது.

"என்ன மேடம் இது? கயித்தைப் பிடிச்சவனைப் பத்திப் புகார் சொல்ல வந்திருக்கேன். என்னையே பிடிக்கச் சொல்றீங்க!"

"இன்னைக்குப் போட்டி இல்லையே."

"போட்டி இல்லேன்னா? எனக்குன்னு ஒரு இது இருக்குல்ல?"

"பிடிக்கலேன்னா மிதிச்சு வாங்க. மேல இருப்பேன்."

ஜெசிந்தா வண்டியின் பின்பகுதியில் ஏறி, காலியான பிளாஸ்டிக் கூடைகளுக்கு நடுவே காலைக் கட்டிக்கொண்டு அவரைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

வக்கீல் யோசித்தார். கயிறு பிடித்தால் மலை எவ்வளவு சுலபம் என்று தெரிந்துகொள்வதும் நல்லதுதான். நாளைக்குச் சங்கத்துக் கூட்டத்தில் எடுத்துச் சொல்ல உதவும். சாட்சியத்துக்குப் பலம்.

கயிற்றை வாங்கிக்கொண்டார்.

அமல்ராஜ் மெதுவாகத்தான் ஓட்டினார். முதல் வளைவில் தோள்பட்டை பிடுங்கிக்கொண்டு போவதுபோல இருந்தது. இரண்டாவதில் பழகிவிட்டது. உள்ளங்கை எரிந்தது. புகை மூக்கில் ஏறியது. ஆனால் கால் சும்மா இருந்தது. மூச்சு சும்மா இருந்தது. ஒரு வருடம் தன் உயிரை வாங்கிய மலை, தானாகவே பின்னால் நகர்ந்துகொண்டே இருந்தது.

சுகமாக இருந்தது.

அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவு சுகமாகவா போனான் அந்தப் பயல்!

உச்சிக்கு ஏழெட்டு வளைவே இருந்தபோது, முன்னால் ஒரு சைக்கிள் தெரிந்தது.

மிக மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. ஓட்டுகிறவனின் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. தலை தொங்கியிருந்தது.

லோகநாதன்.

கயிற்றை விட்டுவிட வேண்டும் என்று நினைத்தார் வக்கீல். விட்டால் இந்தச் செங்குத்தில் அப்படியே நின்றுவிடுவார். அவன் கண்ணெதிரே நிற்க வேண்டிவரும்.

விடவில்லை.

குட்டியானை லோகநாதனைக் கடந்தது. அவனுக்குப் பக்கத்தில், கை நீட்டினால் தொடும் தூரத்தில், வக்கீல் போனார். காலை ஆட்டாமல்.

லோகநாதன் நிமிர்ந்தான். கயிற்றைப் பார்த்தான். கயிற்றைப் பிடித்திருந்த கையைப் பார்த்தான். அவர் முகத்தைப் பார்த்தான்.

வக்கீல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பின்னாலிருந்து, மூச்சிரைப்புக்கு நடுவே, அவன் குரல் கேட்டது.

"சார்... வளைவுல கயிறு தளரும். கையில சுத்திக்காதீங்க."

*

சோளக்காட்டுக்கு இரண்டு வளைவு இருக்கும்போது ஜெசிந்தா வண்டியின் பக்கவாட்டில் தட்டினார். வண்டி நின்றது. இருவரும் இறங்கிக்கொண்டார்கள். அமல்ராஜ் சரக்கு ஏற்ற மேலே போய்விட்டார்.

சாலையோரக் கைப்பிடிச் சுவரில் ஜெசிந்தா உட்கார்ந்தார். வக்கீல் உட்காரவில்லை.

"வேணும்னுதானே செஞ்சீங்க?"

"எதை?"

"அவன் முன்னாடி என்னை இப்படி ஊர்வலம் கூட்டிட்டு வந்ததை! அவன் என்ன நினைப்பான்? நானும் அவனை மாதிரின்னு நினைச்சுட்டான். எனக்கே யோசனை சொல்றான். கயித்தைக் கையில சுத்தாதீங்கன்னு எனக்கே!"

"சரியாத்தான் சொன்னான். சுத்தினா விரல் போயிரும்."

"மேடம்!"

வக்கீலின் குரல் பள்ளத்தாக்கில் இறங்கிப் போயிற்று.

"இது பயிற்சின்னு அவன்கிட்டச் சொல்லுங்க. நீங்க சொல்லித்தான் பிடிச்சேன்னு சொல்லுங்க."

"சொல்றேன்."

"நம்புவானா?"

ஜெசிந்தா தண்ணீர் பாட்டிலை அவரிடம் நீட்டினார். அவர் வாங்கவில்லை.

பாட்டிலைச் சுவரில் வைத்துவிட்டு ஜெசிந்தா கேட்டார்.

"மலை எப்படி இருந்துச்சு சார்?"

"மலையா?"

"ஏறி வந்தீங்களே."

"மலையை எங்க பாத்தேன்? கயித்தைப் பாத்தேன். வண்டியோட பின்பலகையைப் பாத்தேன். உங்க செருப்பைப் பாத்தேன்."

சொன்னதும் வக்கீலின் முகம் இறுகியது.

"ஓகோ. இப்பப் புரியுது. அவன் மலையைப் பாக்கவே இல்ல, அதனால அவனுக்குத்தான் நஷ்டம். அதானே? அந்தச் செயலாளர் வாயால சொன்னதை நீங்க வண்டி வெச்சுச் சொல்றீங்க."

"அவனைப் பத்தி நான் ஒண்ணும் கேக்கல."

"பின்ன?"

"போட்டி அன்னைக்கு. லாரி உங்களைத் தாண்டிப் போனதுக்கு அப்புறம். மலை எப்படி இருந்துச்சு?"

வக்கீல் வாயைத் திறந்தார்.

நினைத்துப் பார்த்தார். அவர் நினைவு நல்ல நினைவு. பத்து வருடத்துக்கு முந்தைய சாட்சியத்தை வரி மாறாமல் சொல்வார்.

லாரி வரைக்கும் எல்லாம் இருந்தது. காரவள்ளியில் புளியமரத்தடியில் ஒரு நாய். சாலையில் காயப்போட்டிருந்த மிளகு. வலது முழங்காலில் ஒரு சின்ன வலி. ஒரு வளைவில் பலாப்பழ வாசனை.

அதற்கப்புறம் கயிறு.

கயிறு. கை. திருப்பிக்கொண்ட முகம்.

"மழை பெய்ஞ்சுச்சே" என்றார் ஜெசிந்தா.

"மழையா?"

"நல்ல மழை. நான் குடை எடுத்துட்டுப் போகல. பந்தலுக்குக் கீழே நாலஞ்சு வளைவு தள்ளி, மழைக்கோட்டுப் போட்டுக்கிட்டு நின்னேன். உங்களுக்காக."

வக்கீல் அவரைப் பார்த்தார்.

"நீங்க அங்க இருந்தீங்களா?"

"இருந்தேன். நேரம் இருக்கு, விடாம மிதிச்சா போதும்னு கத்தினேன். நீங்க சைக்கிளைச் சுவத்துல சாய்ச்சுட்டு போன் பேசிக்கிட்டு இருந்தீங்க."

"செயலாளர்கிட்ட..."

"கிட்ட வந்து கத்தினேன். என்னைப் பாக்காம கையைக் காட்டினீங்க."

ஜெசிந்தா தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு குறுக்கே பேசினால் வக்கீல் காட்டும் கை. பொறுங்கள், ஒரு நிமிடம்.

வக்கீல் சுவரில் உட்கார்ந்தார்.

மழைக்கோட்டு போட்ட யாரோ ஒருவர் அருகில் நின்று கத்தியது, ரொம்ப தூரத்தில் நடந்ததுபோல, இப்போது வந்தது. யாரோ ஊர்க்காரர், வேலையில்லாமல் வேடிக்கை பார்க்கிறார் என்று நினைத்திருந்தார். அப்படி நினைத்தது அவருக்கு ஞாபகம் வந்தது.



மறுபடி பேசியபோது அவர் குரல் தாழ்ந்திருந்தது. ஆனால் கோபம் அதிலேயே இருந்தது.

"அப்ப நான் பாத்தும் பாக்காத மாதிரி போயிருக்கணுமா? தப்பு நடந்தா வாயை மூடிக்கிட்டு மிதிக்கணுமா? அதுதான் உங்க பயிற்சியா?"

"இல்லையே."

"பின்ன?"

"நானும் பாத்தேன் சார். நீங்க வந்து சேர்றதுக்கு முன்னாடி அந்த லாரி என்னைத் தாண்டித்தானே போச்சு. கயித்தையும் பாத்தேன், லோகுவையும் பாத்தேன்."

வக்கீல் துள்ளி எழுந்தார்.

"பாத்தீங்களா? பாத்துட்டு ஒரு மாசமா எங்கிட்டச் சொல்லாம இருந்தீங்களா? நான் ஊரெல்லாம் சாட்சிக்கு அலையறேன்!"

"உங்ககிட்டச் சொல்லி என்ன ஆகும்? சொல்ல வேண்டிய இடத்துல சொன்னேன். அன்னைக்கே பந்தலுக்குப் போய் செயலாளர்கிட்ட, எல்லார் முன்னாடியும். என் மாணவன்தான், கயிறு பிடிச்சு வந்தான், பதக்கம் கொடுக்காதீங்கன்னு."

"அப்புறம்?"

"அப்புறம் சாப்பிட்டேன்."

"என்னது?"

"எலுமிச்சை சாதம் இருந்துச்சு. பசி. சாப்பிட்டேன்."

வக்கீலுக்குச் சிரிப்பதா கத்துவதா என்று தெரியவில்லை. இரண்டும் வரவில்லை.

"ஆனா பதக்கம் கொடுத்துட்டாங்களே!"

"கொடுத்துட்டாங்க. தப்புதான். அடுத்த கூட்டத்துலயும் கேப்பேன்."

"அவனைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"கொடுத்தானா?"

"இல்ல."

"ஏன் கயித்தைப் பிடிச்சானாம்?"

இதுவரை இந்தக் கேள்வியை அவர் கேட்டதில்லை. கேட்ட பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

"நான் கேக்கல" என்றார் ஜெசிந்தா. "நீங்க வேணா கேளுங்க."

"வேற என்னதான் சொன்னீங்க அவன்கிட்ட?"

"ஏறச் சொன்னேன். ஞாயித்துக்கிழமை தோறும் இந்த மலையை ஏறணும். அவ்வளவுதான்."

"எது வரைக்கும்?"

"உச்சி வரைக்கும். இன்னும் ஒரு தடவைகூட வந்து சேரல. வாரா வாரம் பாதியில இறங்கி, சைக்கிளைத் திருப்பிக்கிட்டுப் போயிடறான்."

ஜெசிந்தா சுவருக்கு அப்பால் கீழே எட்டிப் பார்த்தார்.

"இன்னைக்குத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கான்."

*

வக்கீலும் பார்த்தார்.

ஒரே வளைவுக்குக் கீழே, கைப்பிடிச் சுவருக்கு நேர் அடியில், லோகநாதன் வந்துகொண்டிருந்தான்.

சைக்கிள் சாலையின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் நெளிந்தது. ஒவ்வொரு மிதிக்கும் முழு உடம்பையும் தூக்கிப் போட்டான். வாயோரத்தில் ஏதோ வழிந்து காய்ந்திருந்தது. வரும் வழியில் வாந்தி எடுத்திருக்கிறான்.

வக்கீலுக்குக் கோபம் போகவில்லை. அவன் முகத்தைப் பார்த்ததும் அது திரும்பவும் கிளம்பியது. பந்தல், டீ, கழுத்தில் பதக்கம். ஒரு மாதமாக அடுக்கி வைத்த வாக்கியங்கள் ஒன்றுகூடக் குறையாமல் வந்து நின்றன.

அவர் கீழே நடந்தார். சைக்கிள் காலணியின் அடிப்பக்கம் தார்ச்சாலையில் டக் டக் என்று அடித்தது. இறக்கத்தில் வழுக்கியது. நிற்கவில்லை.

ஜெசிந்தா கூப்பிடவில்லை.

வளைவின் நடுவில் போய் நின்றார் வக்கீல். இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

லோகநாதன் அவரைப் பார்த்துவிட்டான். கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். வளைவு ஏற ஆரம்பித்தது. அந்த மலையிலேயே மோசமான வளைவுகளில் அது ஒன்று.

பாதி வளைவில் சைக்கிள் ஏறக்குறைய நின்றுவிட்டது. அவன் மேட்டுக்கு ஆகாத கனமான கியரிலேயே மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். மாற்றக்கூடத் தோன்றாத அளவுக்குக் களைத்துப்போயிருந்தான். இடது கால் பெடலைவிட்டுக் கழன்று தரையைத் தேடியது.

வக்கீல் மூச்சை இழுத்தார்.

உனக்கு வெட்கமா இல்லையா என்று ஆரம்பிக்க வேண்டும்.

"கியரைக் குறைடா!" என்று கத்தினார் வக்கீல். கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "திருட்டுப் பயலே! காலை ஊனாதே! கியரைக் குறை, மிதி!"